நீவிகளைத் துரத்திய மரம்

ஒரு காட்டில், ஓடை முழங்கை மடக்கினாற்போல் திரும்பும் இடத்தில், ஒரு நீர்மருது மரம் நின்றது. அந்த மரத்தில் முசுறுகள் குடியிருந்தார்கள்.

முசுறு என்றால் தெரியாதா? மரம் ஏறிய பிள்ளைகளைக் கேளுங்கள், காலைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். சிவப்பு எறும்பு. இலையோடு இலை சேர்த்துத் தைத்து வீடு கட்டும். தொட்டால் கடிக்கும்; கடித்த இடத்தில் எரிநீரைப் பீய்ச்சும்.

அந்த மரத்தில் பன்னிரண்டு இலைவீடுகள். நடுக்கிளையில் இருந்த பெரிய வீட்டுக்குக் குஞ்சுவீடு என்று பெயர். முட்டைகளும் வெள்ளைப் புழுக்குஞ்சுகளும் அங்கேதான் வளர்ந்தன. மற்றப் பதினொரு வீடுகளும் அந்த ஒரு வீட்டைக் காக்கத்தான்.

குஞ்சுவீட்டில் வேலை செய்தவள் சுள்ளி. வெயில் ஏறினால் குஞ்சுகளை வாயில் தூக்கி நிழலுக்கு மாற்றுவாள். சாரல் அடித்தால் உள்ளறைக்கு மாற்றுவாள். ஆனால் மரம் அவளை அறிந்தது அந்த வேலையால் அல்ல. சுள்ளிக்குப் பேச வரும். அவள் வாய் திறந்தால் ஒன்பது கிளையும் வேலையை விட்டுவிட்டுக் கேட்கும்.

அவளோடு ஒரே முட்டைக் கொத்தில் பிறந்தவள் பனிச்சி. அவளுக்குப் பேச வராது. அவள் ஒரு நீவி.

நீவி யார் என்று சொல்கிறேன். முசுறுப் படை சண்டைக்குப் போனால் எரிநீரின் ஆவி அவர்கள் தலைக்கு ஏறும். உணர்கொம்பு மரத்துப்போகும். யார் எதிரி, யார் உடன்பிறந்தவள் என்று வாசனை பிரித்தறிய முடியாது. அசைவதெல்லாம் எதிரியாகும்.

அந்த நேரம் பார்த்து நீவிகள் வரிசைக்குள் நுழைவார்கள். வெறியோடு நிற்கும் படையாளின் எதிரே போய், அவள் உணர்கொம்பை அடியிலிருந்து நுனிவரை மூன்று முறை நீவிவிடுவார்கள். பிறகு அவள் வாயில் மிச்சமிருக்கும் தேனை உறிஞ்சிவிடுவார்கள். சண்டைக்குத் தீனி அந்தத் தேன்தான். படையாள் தளர்வாள். அவளை நிழலில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள்.

அவ்வளவுதான் நீவியின் வேலை. ஓர் எதிரியைக்கூட அவர்கள் கொன்றதில்லை. அதனால் அவர்களைப் பற்றிப் பாட்டு எதுவும் இல்லை. ஆனால் ஆறு காலும் முழுதாக உள்ள நீவி அந்த மரத்தில் ஒருத்திகூட இல்லை.

ஒரு நாள் காலை, வெயில் ஏறும் வேளையில், கட்டெறும்புகள் வந்தார்கள். பாறைக்கு அடியில் புற்று வைத்திருந்த கறுப்புக் கூட்டம் அது. அடுத்தவர் குஞ்சைத் திருடித் தின்பது அவர்கள் பிழைப்பு. குஞ்சுவீட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்து, பதினொரு குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதில் ஒன்று, முட்டையாக இருந்த நாளிலிருந்து சுள்ளி வாயில் தூக்கி வளர்த்தது.

படை பாய்ந்தது. முன்னால் படைத்தலைவி வீறி. வீறிக்குக் களைப்பு தெரியாது, யோசனையும் தெரியாது. தண்டு வழியாகக் கட்டெறும்புகளை அடித்துப் புரட்டிக்கொண்டு பெரிய வேர் வரை போனாள்.

அங்கே நீவிகள் குறுக்கே வந்தார்கள். நீவினார்கள். படை நின்றது. மிஞ்சிய கட்டெறும்புகள் குஞ்சுகளோடு பாறைக்கடியில் மறைந்தார்கள்.

சுள்ளி எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்தாள். பனிச்சி ஒரு கால் தொங்க ஏறி வந்தபோது வழியை மறித்தாள்.

"ஏன்டி நிறுத்தினாய்?"

"நிறுத்த வேண்டிய நேரம், அக்கா."

"பத்து அடி! இன்னும் பத்து அடி ஓடவிட்டிருந்தால் என் குஞ்சு இப்போது என் வாயில் இருந்திருக்கும்."

"அதற்குள் நம் ஆட்கள் நம் ஆட்களையே கடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அக்கா. வேர்ப்பக்கம் மூன்று பேர் கிடக்கிறார்கள். அது கட்டெறும்பு கடித்த கடியில்லை. போய்ப் பார்."

"நான் எதையும் பார்க்க வேண்டாம். எதிரி ஓடும்போது சொந்தப் படையைப் பிடித்து நிறுத்துகிறவளுக்கு என்ன பெயர் தெரியுமா?"

பனிச்சி யோசித்தாள். யோசித்துவிட்டு, "நீவி" என்றாள்.

"துரோகி" என்றாள் சுள்ளி.

தொடத் தெரிந்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவள் வேரடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்த மரத்தின் கேடு அங்கேதான் முளைவிட்டது.

அன்றிலிருந்து சுள்ளி கிளை கிளையாகப் போய் வாசனைக்கோடு இழுத்தாள். முசுறுகளுக்குத் துண்டறிக்கை அதுதான். வயிற்றைத் தேய்த்து ஒரு கோடு போட்டால், அந்த வழியே போகிறவர்கள் எல்லாரும் உணர்கொம்பால் படித்துக்கொண்டே போவார்கள்.

"பதினொரு குஞ்சுகள் எங்கே?" என்று ஒரு கோடு. "வேரடியில் நிறுத்தியது யார்?" என்று ஒரு கோடு. மூன்றாவது கோட்டில் ஒரே சொல்: "அடங்காதே!"

நல்ல சொல்தான். அடக்க வந்தவனை நோக்கிச் சொல்ல வேண்டிய சொல். ஆனால் யாரை நோக்கி என்று எழுத அந்தக் கோட்டில் இடமில்லை. சுள்ளியும் இடம் தேடவில்லை.

ஐந்தாம் நாள் கவைக்கிளையில் கூட்டம் கூடியது. ராணியம்மாவும் வந்து உட்கார்ந்தாள். முட்டையிடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றபடி, பெரிய குரல் எதுவோ அதுவே அவளுக்கு நியாயம்.

"தோழிகளே!" என்றாள் சுள்ளி. "நம் வீட்டைக் கிழித்தவன் கட்டெறும்பு. அது ஊரறிந்தது. நம் பல்லைப் பிடித்துக்கொண்டது யார்?"

"நீவிகள்!"

"நம் வாய்த் தேனை உறிஞ்சியது யார்?"

"நீவிகள்!"

"வீறி, உண்மையைச் சொல். வேரடியில் நீ களைத்துப் போனாயா?"

"நானா? களைப்பா?" வீறி சிரித்தாள். "என்னைத் தூங்க வைத்துவிட்டார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை."

ராணியம்மா பனிச்சியைப் பார்த்தாள். "உன் பக்கம் ஏதாவது உண்டா, பிள்ளை?"

பனிச்சி கவையின் நடுவில் வந்து நின்றாள். அத்தனை கண்களைப் பார்த்ததும் அவளுக்கு நா எழவில்லை. "நாங்கள் நிறுத்தாவிட்டால்… நிற்காது" என்றாள்.

"எது நிற்காது?"

"சண்டை."

"நிற்கவே வேண்டாம், தாயே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கிளை குலுங்கச் சிரித்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. நீவிகள் நாற்பது பேரும் மரத்தை விட்டுப் போக வேண்டும். எதிர்த்து ஒரு காலும் உயரவில்லை.

நீர்மருதுக்கும் பக்கத்தில் பட்டுப்போய் நின்ற இலுப்பை மரத்துக்கும் நடுவே ஒரு காய்ந்த கொடி தொங்கியது. அதன் வழியே நீவிகள் நொண்டி நொண்டிப் போனார்கள். கடைசியாகப் பனிச்சி திரும்பினாள்.

"அக்கா, ஒன்றே ஒன்று. நமக்குத் தேன் தரும் மாவுப்பூச்சிகள் இருக்கும் பக்கம் படையை விடாதே. அவர்கள் வாசனை வேறு. நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் வீறியை அங்கிருந்து திருப்பிக்கொண்டு வருவோம்."

"போகிறபோதும் புத்தியா?" என்றாள் சுள்ளி. கூட்டம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு இனித்தது.

மூன்றாம் நாளே கட்டெறும்புகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை நிறுத்த யாருமில்லை. வீறி வேரைத் தாண்டினாள், பாறையைத் தாண்டினாள், புற்றுக்குள் புகுந்தாள். நண்பகலுக்குள் கறுப்புக் கூட்டம் இருந்த இடம் தெரியவில்லை.

என்ன கொண்டாட்டம்! சுள்ளியைத் தலைக்கு மேல் தூக்கிக் கிளை கிளையாகச் சுமந்தார்கள். "அடங்காதே! அடங்காதே!" என்று இலைகள் அதிர்ந்தன. அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லமாட்டேன். குஞ்சு பறிகொடுத்தவர்களுக்கு அன்று நெஞ்சு ஆறியது. சண்டை நியாயமான சண்டை. ஜெயித்தது உண்மையான ஜெயம். அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம்.

படை திரும்பி வந்தது. ஆனால் படுக்கவில்லை.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாளும் வீறி தண்டில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் முந்நூறு பேர். வாய் திறந்தபடி, வயிறு தூக்கியபடி.

"வீறி, உட்கார். எதிரிதான் ஒழிந்தானே" என்றாள் சுள்ளி.

"ஒழிந்தானா? அப்படியென்றால் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?" வீறி மூச்சு வாங்கினாள். அது அவள் பீய்ச்சிய எரிநீரின் நாற்றம்தான்.

குழந்தைகளே, உங்கள் விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது. உள்ளே உங்கள் படை சண்டை போடுகிறது. முள்ளை எடுத்த இரண்டு நாளில் வீக்கம் தானே வடிகிறது என்று நினைக்கிறீர்கள். தானே எதுவும் வடிவதில்லை. உள்ளே யாரோ ஒருத்தி நீவிவிட்டுப் போகிறாள். அவள் பெயரை நீங்கள் கேட்டதில்லை.

நீர்மருதில் நீவிவிட ஆள் இல்லை. மரம் சுட்டது. இலைவீடுகளின் ஓரம் கருகிச் சுருண்டது. பூந்தூள் காற்றில் பறந்து விழுந்தால் அதன் மேலும் எரிநீர் அடித்தார்கள். சருகு அசைந்தால் பாய்ந்து கடித்தார்கள்.

ஓடைக்கரைக் கல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் தலையை ஆட்டியது. பிறர் கேட்டைப் பார்த்துச் சிரிப்பதே அதற்குப் பொழுதுபோக்கு.

"என்ன சுள்ளியக்கா, மரத்தில் அடுப்பு வைத்திருக்கிறீர்களா? கல்லைவிட மரம் சூடாக இருக்கிறதே!"

"விழித்திருக்கும் படை சூடாகத்தான் இருக்கும். உன்னைப் போல் கல்லில் ஒட்டிக்கொண்டா கிடக்கும்?"

"சரிதான், சரிதான். உங்கள் படை சருகோடு சண்டை போடுகிறது. யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

சுள்ளி மரத்தில் ஏறிப்போனாள்.

நான்காம் நாள் படை மாவுப்பூச்சிகளிடம் போனது.

கீழ்க்கிளையின் இலையடியில் வெள்ளை மாவு பூசியதுபோல் ஒட்டிக்கிடந்த சாதுக்கள் அவர்கள். இலைச்சாற்றைக் குடித்துவிட்டு முதுகைத் தட்டிக் கேட்பவர்களுக்குத் தேன் தருவார்கள். மரத்தில் பாதிப் பேர் வயிறு நிறைந்தது அந்தத் தேனால்.

"வா அம்மா, தேன் வேண்டுமா?" என்றாள் ஒரு கிழ மாவுப்பூச்சி.

"நீ யார்? உன் வாசனை எங்கள் வாசனை இல்லை" என்றாள் வீறி.

"இல்லைதான். நேற்றும் இல்லை. போன மழைக்கும் இல்லை. நீங்கள் குடித்துக்கொண்டுதானே…"

அவள் சொல்லி முடிக்கவில்லை. இலையடி முழுவதும் ஒரு நாழிகையில் சுத்தமாகிவிட்டது.

சுள்ளிக்குச் செய்தி வந்தது. பனிச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதே கொடியில் ஓடியிருக்கலாம். நான்காம் நாள்தான், பாதி கெட்டிருந்தது, பாதி மிச்சமிருந்தது.

ஆனால் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிச் சுமந்த தோள்கள் அவை. "அவர்கள் வெளியாட்கள்தானே" என்றாள் சுள்ளி. "பெரிய காரியத்தில் சிறிய தவறு நேரும்."

சொல்லும்போதே அந்த வார்த்தை அவள் வாயில் கசந்தது. இருந்தும் சொன்னாள்.

தேன் நின்றது. பசி வந்தது. பசித்தவர்கள் தள்ளாடினார்கள், தள்ளாடியவர்களைப் படை சந்தேகப்பட்டது. ஆறாம் நாள் பத்துப் பேர், ஏழாம் நாள் இருபது பேர் தண்டிலிருந்து உதிர்ந்தார்கள். எல்லாரும் முசுறுகள்.

ஒன்பதாம் நாள் காலை, வீறி குஞ்சுவீட்டு வாசலில் வந்து நின்றாள். பின்னால் முந்நூறு பேர்.

"உள்ளே எதிரி இருக்கிறான்" என்றாள்.

சுள்ளி வாசலை அடைத்து நின்றாள். "உள்ளே இருப்பது நம் குஞ்சுகள், வீறி! பால்வாசனை தெரியவில்லையா?"

"எரிநீர் வாசனை வருகிறது."

"அது உன் உடம்பில் இருக்கிறது!"

"விலகு."

அப்போது சுள்ளி தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தாள். பேசினாள். அவள் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. ராணியம்மாவின் பெயரால் கேட்டாள். பறிகொடுத்த பதினொரு குஞ்சுகளின் பெயரால் கேட்டாள். "தோழிகளே, நில்லுங்கள்! உங்களைக் கெஞ்சுகிறேன், நில்லுங்கள்!"

"நிற்கச் சொல்கிறவள் யார்?" என்றாள் வீறி. கோபத்தோடு கேட்கவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டாள். "நீதானே சொல்லிக்கொடுத்தாய்? நிற்கச் சொல்கிறவள் துரோகி."

"அடங்காதே!" என்று முந்நூறு வாய்கள் சொல்லின.

சுள்ளி பாய்ந்து வீறியின் உணர்கொம்பைப் பிடித்தாள். பனிச்சி செய்ததுபோல் நீவப் பார்த்தாள். எவ்வளவு மென்மை, எவ்வளவு அழுத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிடித்த பிடியில் வீறிக்கு வலித்தது. ஒரே கடியில் சுள்ளியின் இடது உணர்கொம்பு அறுந்து விழுந்தது. படை அவளை மிதித்துக்கொண்டு உள்ளே போனது.

சுள்ளி கொடியைப் பார்த்து ஓடினாள்.

பட்ட இலுப்பையின் பொந்தில் நீவிகள் இருந்தார்கள். நாற்பது பேரில் ஆறு பேர் இருந்தார்கள். வீடில்லாத முசுறு நெடுநாள் உயிர் வாழாது. அதற்குப் பசி மட்டும் காரணமில்லை.

பனிச்சி பட்டையோரமாகப் படுத்திருந்தாள். மூன்று கால்கள்தான் அசைந்தன.

"யார், அக்காவா? ஒரு பக்கம் மொட்டையாக இருக்கிறாயே."

"பனிச்சி, வா. குஞ்சுவீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள்."

"தீர்மானத்தை ரத்து செய்துவிட்டீர்களா?"

சுள்ளி தலை குனிந்தாள்.

"சும்மா கேட்டேன், அக்கா. உன்னைச் சீண்டி எத்தனை நாளாயிற்று" என்றாள் பனிச்சி. உடனே அவள் குரல் மாறியது. "படை எத்தனை நாளாகத் தூங்கவில்லை?"

"ஒன்பது."

ஆறு நீவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூன்று நாள் வரைக்கும் நாங்கள் பார்த்திருக்கிறோம்" என்றாள் ஒருத்தி. "ஒன்பது தெரியாது."

"வரமாட்டீர்களா?" என்றாள் சுள்ளி. "உங்களைத் துரத்தியவள் கேட்கிறேன். வரவேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அங்கே இருப்பது குஞ்சுகள்."

"நீ துரத்தியதற்காகவா நாங்கள் படுத்திருக்கிறோம்?" என்றாள் பனிச்சி. "நடக்க முடியவில்லை, அதனால் படுத்திருக்கிறோம். என்னைத் தூக்கு."

சுள்ளி குஞ்சைத் தூக்குவதுபோல் அவளை வாயில் கவ்வித் தூக்கினாள். இறகுபோல் இருந்தாள். கொடி நெடுகச் சுள்ளிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. சொல்லியிருந்தால் பனிச்சி கீழே விழுந்திருப்பாள். நடந்தாள். மற்ற ஐந்து பேரும் பின்னால் நொண்டி வந்தார்கள்.

குஞ்சுவீட்டில் பாதி எரிந்து கறுத்துக் கிடந்தது. தையல் விட்ட இலைகள் தொங்கின. படை இன்னும் உள்ளே இருந்தது.

நீவிகள் பேசவில்லை, கூவவில்லை. வெளிவரிசையில் நின்றவர்களிடமிருந்து தொடங்கினார்கள். ஒருத்தி முன் நின்று, மூன்று முறை. வாய்த் தேன். நிழல். அடுத்தவள். சில இடங்களில் முதல் தடவலிலேயே கடி விழுந்தது; கடியை வாங்கிக்கொண்டே இரண்டாவதும் மூன்றாவதும் தடவினார்கள். தூங்கப் போனவள் எழுந்து அடுத்தவளைக் கடிக்காதபடி நடுவில் படுத்துக்கொண்டார்கள். படை வரிசை வரிசையாகச் சரிந்தது. நீவிகளும் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். அவர்கள் எழவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது வீறி ஒருத்திதான் மிச்சம். உள்ளறையில், கடைசிக் குஞ்சுக்குவியலின் மேல் ஏறி நின்றாள்.

"அங்கே கொண்டுபோய் விடு, அக்கா" என்றாள் பனிச்சி.

"அவள் உன்னை…"

"தெரியும். விடு."

சுள்ளி அவளை வீறியின் முகத்துக்கு நேரே இறக்கிவிட்டாள். பனிச்சி ஒரு முறை நீவினாள். வீறியின் தாடைகள் பனிச்சியின் இடுப்பில் பூட்டின. இரண்டாவது முறை நீவினாள். தாடை இறுகியது. மூன்றாவது முறை அடியிலிருந்து தொடங்கி, பாதி வழியில் நின்று, மீதியையும் முடித்தாள். எவ்வளவு மெதுவாக என்று சுள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீறி நடுங்கினாள். வயிறு தாழ்ந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் கண்ணில் தெளிவு வந்தது. சுற்றிலும் பார்த்தாள்.

"குஞ்சுகளுக்கு என்ன ஆயிற்று?" என்றாள். "யார் இதைச் செய்தது?" பிறகு தன் தாடையில் ஏதோ இருப்பதை உணர்ந்தாள். "இவளை நான் ஏன் கவ்விக்கொண்டிருக்கிறேன்?"

"மெதுவாகக் கீழே வை" என்றாள் சுள்ளி.

"கட்டெறும்புகளா செய்தார்கள்?"

"இல்லை. நான் செய்தேன்."

வீறிக்குப் புரியவில்லை. "நீ கடிக்கவே மாட்டாயே" என்றாள். "தூக்கம் வருகிறது, சுள்ளி. எழுந்ததும் சொல்." அங்கேயே மடிந்து படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்தபின் அவளுக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லை. படையில் யாருக்கும் இருக்கப் போவதில்லை.

சுள்ளி உயிர் போன பனிச்சியை வாயில் எடுத்துக்கொண்டாள். முசுறுகள் இறந்தவர்களைக் கிளை நுனியிலிருந்து கீழே போட்டுவிடுவார்கள்; அதுதான் வழக்கம். சுள்ளி நுனிவரை நடந்தாள். போடவில்லை. மறுபடி வாசலுக்கு வந்தாள். மறுபடி நுனிக்குப் போனாள்.

குஞ்சுவீட்டில் உயிரோடு இருந்த குஞ்சுகள் நாற்பதுக்கு மேல் தேறாது. கூரை இல்லை. வெயில் நேராக இறங்கியது. வேலைக்காரிகள் குஞ்சுகளை வேறு வீட்டுக்கு மாற்றத் தொடங்கினார்கள். போதிய வாய்கள் இல்லை.

"அக்கா, வழியில் நிற்கிறீர்கள்" என்றாள் ஒருத்தி, வாயில் குஞ்சோடு குழறியபடி. பிறகு குஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "உள்ளே இன்னும் பதினைந்து கிடக்கின்றன. காய்ந்து போகும். நீங்கள் சும்மாவா இருக்கிறீர்கள்?"

சுள்ளி உள்ளே எட்டிப்பார்த்தாள். வெள்ளையாக ஒன்று வெயிலில் நெளிந்தது.

ஒரு வாய்க்கு ஒரு சுமைதான். சுள்ளி கிளை நுனிக்குப் போனாள். வாயைத் திறந்தாள். கீழே பார்க்காமல் திரும்பி வந்து, அந்தக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு நடந்தாள்.

நீதி: எதிரியை அடிக்கும் கையும் வேண்டும், அதை நிறுத்தும் கையும் வேண்டும், நிறுத்தும் கையை வெட்டிய வீட்டில் கடைசி அடி பிள்ளையின் மேல் விழும்.